மூன்று புள்ளி ஒன்று

கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில், பார்ஸ்டோ நகரத்துக்கு மேற்கே, ஹிங்க்லி என்று ஓர் ஊர். ஊர் என்றதும் நம் மனதில் வரும் தெருவும் முச்சந்தியும் அங்கே கிடையாது. குதிரைமசால் வயல்கள், சில மாட்டுப்பண்ணைகள், கூப்பிட்டால் கேட்காத தூரத்தில் தள்ளித்தள்ளி நிற்கும் வீடுகள். வீட்டுக்கு வீடு சொந்தக் கிணறு.

இந்த ஊருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு வரைபடம் வரும். அதில் சாலைகளுக்கும் வயல்களுக்கும் குறுக்கே ஒரு கோடு வளைந்து வளைந்து ஓடும். கோட்டுக்கு உள்ளே இருப்பவை, மாசுபட்ட நிலத்தடி நீருக்கு மேலே நிற்கும் வீடுகள். வெளியே இருப்பவை அப்படியல்ல. ஒரு காலத்தில், கோட்டுக்குள்ளோ அதை ஒட்டியோ வீடு இருந்தால் நீரை மாசுபடுத்திய நிறுவனம் குடிதண்ணீர் கொண்டுவந்து தரும், வீட்டை விலைக்கும் கேட்கும். தள்ளியிருந்தால் ஒன்றுமில்லை. ஒருவர் வீட்டின் விலை, கிணற்றின் மேல் அவருக்கு இருக்கும் நம்பிக்கை, ராத்திரித் தூக்கம் எல்லாம் அந்தக் கோட்டில் தொங்கின.

கோட்டை வரைந்தது யார்? ஒரு எண். 3.1 என்ற எண்.

*

முதலில் குரோமியம். நம் வீட்டு எவர்சில்வர் தம்ளர் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணமே இந்த உலோகம்தான். தண்ணீரில் அது இரண்டு வடிவங்களில் இருக்கும். குரோமியம்-3 என்பது சாது. மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், எளிதில் கரையாது, இருந்த இடத்தைவிட்டு நகராது. குரோமியம்-6 நேர் எதிர்: நன்றாகக் கரையும், தண்ணீர் போகும் இடமெல்லாம் கூடவே போகும், உயிரணுவுக்குள் நுழைந்து மரபுப்பொருளைச் சிதைக்கும். தனிமம் ஒன்றே, மூன்று எலெக்ட்ரான்தான் வித்தியாசம். இந்த அத்தியாயத்தில் வரும் வழக்கு, வரைபடம், சண்டை எல்லாமே அந்த மூன்று எலெக்ட்ரான்களைச் சுற்றித்தான்.

1952இல் பசிபிக் கேஸ் அண்ட் எலக்ட்ரிக் நிறுவனம் ஹிங்க்லியில் ஒரு கம்ப்ரசர் நிலையம் கட்டியது. தொலைதூரக் குழாயில் வரும் எரிவாயு வழியில் அழுத்தம் இழந்துவிடும்; அதை மறுபடி அழுத்தி முன்னே தள்ளுவதுதான் நிலையத்தின் வேலை. அழுத்தினால் சூடு ஏறும். சூட்டைத் தணிக்கக் கூலிங் டவர், டவரில் துருப்பிடிக்காமலிருக்கக் குரோமியம்-6. வேலை முடிந்த கழிவுநீரை அடியில் எந்தத் தடுப்பும் இல்லாத குட்டைகளில் விட்டார்கள். 1960களின் நடுப்பகுதிவரை இப்படிப் போனது ஏறத்தாழ 37 கோடி காலன், அதாவது 140 கோடி லிட்டர். பாலைவன மணல் அதை உறிஞ்சிக்கொண்டது. மேலே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

நிலத்தடி நீர் ஏரிபோல நிற்பதில்லை. மணலின் இடுக்குகள் வழியே மெல்ல ஊர்ந்துகொண்டே இருக்கும். அதில் ஓரிடத்தில் கலந்த மாசு, அடுப்புப் புகை காற்று வீசும் பக்கம் சாய்ந்து நீள்வதுபோல, நீர் போகும் திசையில் நீண்டுகொண்டே போகும். ஆங்கிலத்தில் புளூம் என்கிறார்கள். நாம் மாசுத்தாரை என்று வைத்துக்கொள்வோம். ஹிங்க்லியின் மாசுத்தாரை வடக்கு நோக்கி, வீடுகளின் அடியில், 35 ஆண்டுகள் யாருக்கும் தெரியாமல் நகர்ந்தது. 1987 டிசம்பரில்தான் நிறுவனம் அரசிடம் சொன்னது.

அதற்குப் பின் நடந்தது பலருக்குத் தெரியும், ஏனென்றால் அது சினிமாவாக வந்தது. எரின் பிராக்கோவிச் என்ற சட்ட அலுவலக உதவியாளர் கோப்புகளைத் தோண்டினார். எட் மாஸ்ரி என்ற வக்கீல் வழக்கை எடுத்தார். 1996இல் நிறுவனம் 33.3 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. 2000இல் படம் வந்தது, ஜூலியா ராபர்ட்ஸுக்கு ஆஸ்கர் கிடைத்தது. காசோலை கைமாறியதும் படம் முடிந்துவிடுகிறது. மண்ணுக்கடியில் குரோமியம் முடியவில்லை. சமரசப் பணம் நடந்த பாதிப்புக்கான ஈடு. சுத்தப்படுத்துவது வேறு வேலை, வேறு அலுவலகத்தின் பொறுப்பு. லஹோன்டன் வட்டார நீர்த்தர வாரியம் என்ற மாநில அமைப்பு அதை மேற்பார்த்தது. எனக்குக் கதை இங்கேதான் தொடங்குகிறது.

*

சுத்தப்படுத்து என்றால் எதுவரை?

கேட்க எளிய கேள்வி. பூஜ்யம்வரை என்று சொல்லத் தோன்றும். ஆனால் மொஹாவி பாலைவனத்தின் நிலத்தடி நீரில் யாரும் எதையும் கொட்டாமலே குரோமியம்-6 இருக்கிறது. அந்தப் பக்கத்துக் கருமையான பாறைகளில் குரோமியம்-3 உண்டு. மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு இருந்து, தண்ணீரில் ஆக்சிஜனும் காரத்தன்மையும் இருந்தால், சாதுவான 3 மெல்ல மெல்ல 6ஆக மாறும். பாலைவனத்தில் இந்த மூன்றுக்கும் பஞ்சமில்லை. ஆகவே நிறுவனம் கொட்டியது எவ்வளவு, இயற்கை கொடுத்தது எவ்வளவு என்று பிரிக்க வேண்டும். இயற்கையின் பங்கைப் பின்னணி அளவு என்பார்கள். அதற்குக் கீழே சுத்தப்படுத்தும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது.

2007இல் நிறுவனம் ஓர் ஆய்வு செய்து, பின்னணி அளவின் உச்சவரம்பு 3.1 என்றது. அலகு, நூறு கோடியில் ஒரு பங்கு. தெருவுக்கு வரும் தண்ணீர் லாரி பத்தாயிரம் லிட்டர் கொள்ளும் என்றால், நூறு லாரித் தண்ணீரில் ஒரு கிராம் கலந்தால் அதுதான் 1. நூறு லாரிக்கு மூன்று சிட்டிகை என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் 3.1. வாரியம் அந்த எண்ணை இடைக்கால அளவாக ஏற்றது. 3.1க்கு மேலே இருந்தால் மாசு, கீழே இருந்தால் இயற்கை. கோடு பிறந்தது இப்படித்தான்.

இதில் உறுத்துவதைக் கவனியுங்கள். மாசுபடுத்தியவரே தன் மாசு எங்கே முடிகிறது என்பதையும் கணக்கிட்டுச் சொல்கிறார். பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவரவில்லை. பின்னணி அளவு எப்போதும் தேர்ந்தெடுத்த கிணறுகளின் சராசரியிலிருந்தும் சிதறலிலிருந்தும் வருவது. எந்தக் கிணறு என்று தேர்ந்தெடுக்கும்போதே விடையில் பாதி முடிவாகிவிடும். வாரியம் 2011இல் அந்த ஆய்வை வெளி நிபுணர்களுக்கு அனுப்பியபோது அவர்கள் கைவைத்ததும் அங்கேதான்: கிணறுகள் தேர்ந்தெடுக்கப்பட்ட விதம் சரியில்லை, பல கிணறுகள் எந்த ஆழத்து நீரை இழுக்கின்றன என்றே தெளிவில்லை.

அதற்குள் மாசுத்தாரையின் எல்லை வடக்கே விரிந்துவிட்டிருந்தது. சுத்தமானது என்று நினைத்துக் குடித்துக்கொண்டிருந்தவர்களின் கிணறுகளும் கோட்டுக்குள் வந்தன.

*

ஊர்க்காரர்கள் ஓர் ஆலோசனைக் குழு அமைத்தார்கள். அதிகாரம் ஏதுமற்ற குழு. வாரியத்தின் உத்தரவை அவர்களால் மாற்ற முடியாது. நிறுவனத்தின் பம்பை நிறுத்த முடியாது. கையில் இருந்தது கேள்வி கேட்கும் உரிமை மட்டும்.

கேள்வி கேட்பதற்கும் ஆயத்தம் வேண்டும். மேசைமேல் வந்து விழும் அறிக்கை ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான பக்கம், பாதி அட்டவணை, மீதி சுருக்கெழுத்து. பண்ணையில் பால் கறந்துவிட்டு வருபவர் இதை எப்போது படிப்பது? இங்கேதான் ஹிங்க்லி மற்ற ஊர்களிலிருந்து விலகுகிறது. குழுவுக்கென்று தனியாக ஒரு தொழில்நுட்ப ஆலோசகர் அமர்த்தப்பட்டார். சம்பளம் கொடுத்தது நிறுவனம்; பதில் சொல்ல வேண்டியது ஊருக்கு. அறிக்கையைப் படித்து, நிலவியலைப் பேச்சுமொழியில் விளக்கி, ஊர்க்காரர்களின் சந்தேகத்தைத் திரும்ப நிபுணர் மொழியில் எழுதிக்கொடுப்பது அவர் வேலை. நிறுவனத்தின் பணத்தில் வாழ்பவர் எப்படி நமக்கு உண்மையாக இருப்பார் என்ற சந்தேகம் சிலருக்குக் கடைசிவரை போகவில்லை. அது நியாயமான சந்தேகமும்கூட. ஆனால் மாற்று என்ன? அமெரிக்காவில் சூப்பர்ஃபண்ட் என்ற மத்தியச் சட்டத்தின்கீழ் வரும் மாசுத் தளங்களில், ஊர்க்காரர்கள் தங்களுக்கென நிபுணரை அமர்த்திக்கொள்ள 1986 முதல் 50,000 டாலர்வரை உதவித்தொகை உண்டு. ஹிங்க்லி அந்தப் பட்டியலில் இல்லை. மாநில வாரியத்தின் உத்தரவில் நடக்கும் தளம் அது.

ஊர்க்குழுவின் கூட்டங்களில் பேசப்பட்ட விஷயங்களில் ஒன்றை மட்டும் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம்.

குரோமியத்தை வெளியே எடுக்காமல் மண்ணுக்குள்ளேயே சாதுவாக்கும் முறை ஒன்று உண்டு. கிணறு வழியாக எத்தனாலை நிலத்துக்குள் செலுத்துவார்கள். மண்ணில் இருக்கும் பாக்டீரியாக்களுக்கு அது விருந்து. சாப்பிட்டால் மூச்சுவிட வேண்டுமே. முதலில் நீரில் கரைந்த ஆக்சிஜனைத் தீர்க்கும். பிறகு நைட்ரேட்டைப் பிடித்துக்கொள்ளும். இப்படி ஆக்சிஜன் வறண்டுபோன நிலையில் குரோமியம்-6 எலெக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு 3ஆகி மண்ணில் படிந்துவிடும். அழகான வேதியியல். ஆனால் பாக்டீரியாவின் பசி அதோடு நிற்பதில்லை. அடுத்து மாங்கனீசு ஆக்சைடு, அதற்கடுத்து இரும்பு ஆக்சைடு. அவை இளகினால் மாங்கனீசு தண்ணீரில் இறங்கும். இரும்போடு ஒட்டிக்கிடந்த ஆர்செனிக்கும் கூடவே இறங்கும். ஒன்றைக் கட்டிப்போடப் போய் இன்னொன்றை அவிழ்த்துவிட்ட கதை. சிகிச்சை மண்டலத்தைத் தாண்டியதும் ஆக்சிஜன் திரும்பிவிடும், இவை மறுபடி படிந்துவிடும் என்பது பொறியாளர்களின் கணக்கு. எவ்வளவு தூரம் தாண்டினால்? அதற்கு முன்னாலேயே யாராவது ஒருவரின் கிணறு இருந்தால்? குரோமியம் குறைந்ததைக் காட்டும் வரைபடத்தில் ஆர்செனிக்குக்கு இடமில்லை. துணைவிளைவுகளையும் அளக்க வேண்டும் என்று ஊர்க்காரர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

இன்னொரு முறை, மாசுநீரை இறைத்துக் குதிரைமசாலுக்குப் பாய்ச்சுவது. வேர்ப்பகுதி மண்ணின் மக்கில் பட்டதும் 6 தானாகவே 3ஆகிவிடும், பயிர் தீவனமாகும். ஆரம்பத்தில் தெளிப்பானால் பாய்ச்சினார்கள். குரோமியம்-6ஐச் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் என்பது தொழிற்சாலைத் தொழிலாளர்கள் மூலம் எப்போதோ நிரூபணமானது. அதைத் துளித்துளியாகக் காற்றில் வீசுவதா என்ற கேள்வி எழ, பின்னாளில் சொட்டுநீருக்கு மாறினார்கள்.

*

பின்னணி எண்ணின் கதைக்குத் திரும்புவோம். 3.1ஐ நம்ப முடியாது என்று ஆகிவிட்டது. புது எண்ணை யார் கண்டுபிடிப்பது? நிறுவனம் செய்தால் ஊர் நம்பாது, ஊர் அமர்த்தியவர் செய்தால் நிறுவனம் ஏற்காது. அமெரிக்க நிலவியல் ஆய்வு மையத்திடம் வேலை போனது. ஜான் இஸ்பிக்கி என்ற நீரியலாளர் தலைமை. செலவு நிறுவனத்தின்மேல். நிறுவனம், வாரியம், ஊர்க்குழுவின் ஆலோசகர் எல்லாரும் ஒரே தொழில்நுட்பக் குழுவில் உட்கார்ந்து, எந்தக் கிணற்றில் மாதிரி எடுப்பது என்பதிலிருந்தே சேர்ந்து பேசினார்கள். என்னைக் கேட்டால், இந்தக் கதையில் ஊர்க்காரர்கள் வென்ற பெரிய விஷயம் விடை அல்ல, இந்த இருக்கைதான்.

ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த துப்பு டிரிஷியம். ஹைட்ரஜனின் கதிரியக்க உறவினர் அது. 1952 நவம்பரில் பசிபிக் தீவு ஒன்றில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டை வெடித்தது. அன்றிலிருந்து உலகத்தின் மழையில் டிரிஷியம் கூடியது. ஒரு கிணற்று நீரில் அது தென்பட்டால் அந்த நீர் 1952க்குப் பிறகு பூமிக்குள் போனது. இல்லாவிட்டால் அதற்கு முந்தியது. கம்ப்ரசர் நிலையம் ஓடத் தொடங்கியது எந்த ஆண்டு? அதே 1952. வெறும் தற்செயல்தான்; ஆனால் இதைவிட வசதியான கடிகாரத்தை யாரும் கேட்டுவாங்க முடியாது. டிரிஷியமே இல்லாத பழைய நீரில் குரோமியம்-6 இருந்தால், அதை நிலையத்தின் கணக்கில் எழுதுவது கஷ்டம். இளம் நீரில் இருந்தால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும்.

இப்படி ஒவ்வொரு கிணற்றிடமும் எட்டுக் கேள்வி கேட்டார்கள், ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும்படி. நீரின் வயது, சுற்றியுள்ள மண்ணில் என்ன கனிமம், கூட இருக்கும் பிற தனிமங்கள், காலப்போக்கில் அளவு ஏறுகிறதா என்று பல சாட்சிகளை அடுக்கிய பிறகுதான் தீர்ப்பு. ஒற்றை எண்ணைத் தாண்டினாயா இல்லையா என்று கேட்பதற்கும் இதற்கும் உள்ள தூரம், போலீஸ் சந்தேகத்துக்கும் நீதிமன்ற விசாரணைக்கும் உள்ள தூரம்.

அறிக்கை 2023இல் வந்தது. 2015 கடைசியில் அதிகாரபூர்வ வரைபடம் மாசுத்தாரையை 2.2 சதுர மைலுக்குள் அடைத்திருந்தது. இஸ்பிக்கி குழுவின் கணக்கில் 5.5 சதுர மைல். ஆனால் 3.1 என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு காலத்தில் வரைந்த மிகப் பெரிய எல்லையோ 8.3. ஊர் சந்தேகப்பட்டது சரி: மாசு சொன்னதைவிடப் பெரியது. நிறுவனம் சொன்னதிலும் கொஞ்சம் சரி: கோட்டுக்குள் ஒருமுறை வந்த நிலமெல்லாம் அவர்களால் கெட்டதல்ல. ஊர் முழுவதற்கும் ஒரே பின்னணி எண் என்பதும் போனது. கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று, வடக்கே ஒன்று. மண் மாறினால் எண்ணும் மாறும். 3.1 ஒன்றும் அபத்தமான எண்ணாக இருக்கவில்லை என்பது இதில் வேடிக்கை. எண் ஏறத்தாழ சரி, அதை வைத்துப் போட்ட கோடு சரியில்லை.

*

உடம்புக்கு என்ன ஆகும்? இதைத்தானே எல்லாரும் முதலில் கேட்பார்கள்.

எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் குரோமியம்-6 கலந்த நீரை இரண்டு ஆண்டுகள் கொடுத்துப் பார்த்த அமெரிக்க அரசின் ஆய்வு 2008இல் வெளியானது. வாயிலும் சிறுகுடலிலும் கட்டிகள் வந்தன. குடித்தாலும் ஆபத்து என்பதற்கு அது வலுவான சான்று. கொடுத்த அளவு ஹிங்க்லிக் கிணறுகளில் இருந்ததைவிடப் பல மடங்கு அதிகம். மறுபக்கம், ஹிங்க்லி வட்டாரத்தின் புற்றுநோய்ப் பதிவுகளை எண்ணிப் பார்த்து, எதிர்பார்ப்புக்கு மேல் இல்லை என்று 2010இல் ஓர் அறிக்கை வந்தது. இரண்டையும் அருகருகே வைத்து ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். சிறிய ஊரில் இந்த எண்ணிக்கை முறைக்குப் பலம் குறைவு: கணக்கில் வருபவர்களில் மாசுநீரைத் தொடாதவர்களும் உண்டு, குடித்துவிட்டு ஊரைவிட்டே போனவர்கள் கணக்கில் இல்லை. 'கூடுதல் இல்லை' என்பதற்கும் 'தெரியவில்லை' என்பதற்கும் நடுவில் ஊர் மாட்டிக்கொண்டது.

அரசின் எண்களும் உதவவில்லை. உடல்நலத்தை மட்டும் பார்த்து, 2011இல் கலிஃபோர்னியா வைத்த இலக்கு 0.02, அதைப் பார்த்தால் பாலைவனத்தின் சொந்த நீரே தேறாது. செலவையும் சாத்தியத்தையும் சேர்த்துப் பார்த்து 2014இல் கொண்டுவந்த சட்ட வரம்பு 10. அது 2017இல் நீதிமன்றத்தில் விழுந்து, 2024இல் அதே 10ஆகத் திரும்பி எழுந்தது. 2014இல் அந்த 10 வந்ததும், வீடுகளுக்கு மாற்றுத் தண்ணீர் கொடுத்துவந்த திட்டத்தை நிறுவனம் முடித்துக்கொண்டது. கிணற்றில் 4 இருக்கும் வீட்டுக்காரரை நினைத்துப் பாருங்கள். அவர் தண்ணீர் நேற்றுவரை மாசு, இன்றுமுதல் சட்டப்படி சுத்தம். தண்ணீர் அதே தண்ணீர்.

நம் பக்கத்தில் மொத்தக் குரோமியத்துக்கான குடிநீர் வரம்பு இன்னும் 50. குரோமியம் நமக்கும் அந்நியமில்லை. ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் வளாகத்தில் இரண்டு லட்சம் டன்னுக்கும் மேலான கழிவு மலையாகக் குவிந்து கிடந்தது. ஹிங்க்லி சமரசம் நடந்த அதே 1996இல்தான், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அந்தத் தீர்ப்பில் ஒரு கணக்கு வரும்: திண்டுக்கல் வட்டாரத்தின் 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன. கிணறு கிணறாகப் போய் அதைக் கணக்கெடுத்தது ஒரு தொண்டு நிறுவனம். கெட்ட கிணறுகளை எண்ண நம்மிடமும் ஆள் இருந்தார்கள். அதற்குப் பிறகு ஆண்டுக்கு நான்கு முறை வரும் வரைபடமும், அதைப் படித்துச் சொல்ல ஊருக்கென்று ஒரு நிபுணரும் நமக்கு வாய்க்கவில்லை.

*

மாசுத்தாரையைக் கட்டுக்குள் வைக்கத் தவறியதற்காக 2012இல் நிறுவனத்துக்கு 36 லட்சம் டாலர் அபராதம் முடிவானது. அதில் பாதியை ஹிங்க்லி தொடக்கப் பள்ளிக்கு நல்ல தண்ணீர் வசதி செய்ய ஒதுக்கினார்கள். அடுத்த ஆண்டு, 2013இல், பள்ளியையே மூடினார்கள். பிள்ளைகள் குறைந்துவிட்டிருந்தார்கள். நிறுவனம் கேட்ட விலைக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. வாங்கிய வீடுகளைப் பெரும்பாலும் இடித்துவிட்டார்கள். யாரையும் துரத்தவில்லை. பயந்துபோய் விற்றவர்கள், நல்ல விலை என்று விற்றவர்கள், பக்கத்து வீடுகள் இருளடைந்தபின் தனியாக இருக்க மாட்டாமல் விற்றவர்கள் என்று பல வகை. கூட்டத்துக்கு வந்து ஆர்செனிக்கைப் பற்றிக் கேட்டவர்களும் அவர்களில் உண்டு.

வீடுகள் இருந்த இடத்தில் புதர் வளர்கிறது. நடுநடுவே, பூட்டுப் போட்ட மூடியோடு, கண்காணிப்புக் கிணறுகளின் குழாய்கள் முழங்கால் உயரத்துக்கு நிற்கின்றன, நூற்றுக்கணக்கில். ஊழியர்கள் வண்டியில் வந்து, பூட்டைத் திறந்து, சின்னப் பம்பை இறக்கி, நீர் தெளியும்வரை இறைத்து, புட்டியில் பிடித்து, தேதி எழுதி ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு அடுத்த குழாய்க்குப் போகிறார்கள். வேலை இன்னும் பல ஆண்டுகளுக்கு இருக்கிறது. வரைபடத்தில் கோடு இன்னும் வளைந்து வளைந்துதான் ஓடுகிறது. அதற்கு உள்ளே இருக்கும் நிலத்தில் பெரும்பகுதிக்கு இப்போது சொந்தக்காரர் அந்த நிறுவனம்.